உன் பேருக்கு வந்த பணிஸ்

என் சட்டைக் கையில் இன்று பால் கொட்டிவிட்டது. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் மூன்று தடவை கசக்கியும் வாடை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கரைத்துக் கொடுக்கும் பால்மாவின் வாடை உனக்குத்தான் தெரியுமே. இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடின மாதிரி ஒன்று. கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நீ வந்து நிற்கிறாய். தூக்கம் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் படுத்துவிட்டார்கள். குப்பி லாம்பின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு, கணக்குக் கொப்பியின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். உன் பேரை மட்டும் இதில் எழுதமாட்டேன். யார் கையிலாவது கிடைத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. உன் பேரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதை எழுதத்தான் முடியவில்லை.

பால் ஏன் கொட்டியது என்று சொல்கிறேன். மத்தியானம் நாங்கள் சாப்பாட்டுக் கொட்டகையில் பாலை வாங்கிக்கொண்டு நின்றபோது தலைமை ஆசிரியர் வந்தார். கையில் ஒரு சுற்றுநிருபம். பள்ளிப் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு குறையப்போகிறதாம். ஏழைப் பிள்ளைகள் என்று பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் மெய்யாகவே இருக்கிறார்களா என்று பார்க்க நாளைக்குப் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார். வரவு பதியும் வகுப்பு இடாப்பையும் சாப்பாட்டு இடாப்பையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துச் சோதிப்பாராம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயோ தகப்பனோ வந்து, பேருக்கு நேரே கைநாட்டு வைக்க வேண்டும். யாரும் வராவிட்டால் அந்தப் பேரை வெட்டிவிடுவார்கள்.

என் கோப்பை சரிந்தது. அதிலிருந்த பால் சட்டையில் கொட்டியது. ஏனென்றால் அந்தப் பால் உன்னுடையது. நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதமாக உன் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் நான்தான் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நாம் இரண்டு பேரும் விதானையார் வீட்டுக்குப் போன நாளை நினைத்துக்கொள்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. தோட்டத்திலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. மத்தியானம் பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு கோப்பைப் பாலும், பேக்கரியில் சுட்ட, மேலே சீனி ஒட்டின பணிஸ் ஒன்றும் கிடைக்கும். பட்டியலில் சேர, வீடு வறுமையானது என்று கிராமத்து அதிகாரியான விதானையார் கடுதாசியில் கையொப்பம் போட வேண்டும். உன் அம்மாவும் என் அம்மாவும் அவருக்குக் கொடுக்க ஒரு கட்டு லீக்ஸோடு நம்மைக் கூட்டிப்போனார்கள். வேலிப் படலைக்கு உள்ளே ஒரு நாய் குரைத்தது. நான் உன் முதுகைப் பிடித்துத் தள்ளினேன்.

"நீ முன்னால போ."

"ஏன்டி, அவரு என்னா கடிக்கவா போறாரு?"

"நாயி இருக்கு."

"அது கட்டித்தான் கெடக்கு. நீதான் அவுத்து விட்ட மாதிரி நடுங்குற."

நீ முன்னால் போனாய். விதானையார் வேறு ஒருவரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டே உன் கடுதாசியை வாங்கி, தலையைத் தூக்காமல் கையொப்பம் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார். அடுத்தது நான். அதற்குள் அந்த ஆள் எழுந்து போய்விட்டார். விதானையாருக்கு வேறு வேலை இல்லை. என் கடுதாசியைப் படித்தார்.

"இது எந்த எடம்? தோட்டமா?"

"ஆமாங்கய்யா," என்றாள் அம்மா.

"தோட்ட ஆளுக்கு நான் போட ஏலாது. கிராமத்து ஆளுக்கு மட்டுந்தான். தொரைகிட்டப் போங்க."

அம்மா வாயைத் திறந்தாள். எங்கள் லயத்து வரிசையிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இப்போதுதானே போட்டீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். உன் கடுதாசி உன் அம்மாவின் முந்தானைக்குள் இருந்தது. அம்மா உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கய்யா," என்று கும்பிட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.  நாய்க்குப் பயந்து நான் பின்னால் நின்றதால்தான் இப்படி ஆயிற்று. உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காததற்கு வேறு காரணமே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போய் அதன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கிளாக்கர் சிரித்தார்.

"ஏம்ப்பா, தன் தோட்டத்து ஆளுங்க ஏழைங்கன்னு தொரையே எழுதிக் குடுப்பாரா? லயம் குடுத்திருக்கு, அரிசி குடுக்குது, வெறகு குடுக்குது. இன்னும் என்னாப்பா ஏழ? ஒம்மகளுக்குப் பசிச்சா பேரப் பதிஞ்சு கொழுந்தெடுக்க அனுப்பு. சோறு தானா வரும்."

அப்பா "சரிங்கய்யா" என்றார். அன்றைக்கு எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். வீதிக்கு அந்தப் பக்கம், கிராமத்தில், ஒரு பிள்ளைக்குப் பசித்தால் அது அரசாங்கத்துக்குத் தெரியும். இந்தப் பக்கம் பசித்தால் துரைக்குத்தான் தெரிய வேண்டும் போலிருக்கிறது. துரைக்கு எங்கள் லயம் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "முடியிற வரைக்கும் போ. முடியாட்டி பேரப் பதிவோம்."

சாப்பாட்டு மணி அடித்ததும் பட்டியலில் உள்ளவர்கள் கொட்டகைக்குப் போவீர்கள். மற்றவர்களில் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் மரத்தடிக்குப் போவார்கள். கொண்டுவராத நாங்கள் கொஞ்சம் பேர் தண்ணீர் குடிக்கப் பைப்படிக்குப் போவோம். நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பேக்கரிக்காரர்தான் கூடையோடு வந்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பேர் கூப்பிடுவார். உன் பேர் வந்ததும் நீ போடுகிற சத்தம் பைப்படி வரை கேட்கும். "இருக்கேன் நானா!"

"நீங்க இருக்கிறது நுவரெலியாவுக்கே வெளங்கியிருக்கும் மகள்," என்பார் அவர்.

கொட்டகைக்குள்ளேயே தின்ன வேண்டும் என்பது சட்டம். நீ பாலை மட்டும் அங்கே குடித்துவிட்டு, பணிஸைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு பைப்படிக்குப் பின்னால் வருவாய். கையால் பிய்த்தால் ஒரு பக்கம் பெரிதாகிவிடும் என்று பாவாடைக் கரையில் ஒரு நூலை உருவி, அதை வைத்து அறுப்பாய். மூன்று மாதத்தில் அந்தப் பாவாடைக்குக் கரையே இல்லாமல் போனது. சீனிப் பக்கம் ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. முதல் நாள் நான் வேண்டாம் என்றேன், பசிக்கவில்லை என்றேன்.

"ஒன் வயிறு கத்துனது டீச்சருக்கே கேட்டுச்சு. கணக்குல பெயிலானா வயித்து மேல பழி போடலாம்னு பாக்குறியா?"

"யாராச்சும் பாத்துட்டா?"

"பயப்படறதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டப்புறம் வச்சுக்க. இப்ப தின்னு."

நான் தின்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் தின்றேன். ஒரு நாள்கூட உனக்குப் பசிக்கிறதா என்று கேட்கவில்லை. நீ சத்தமாகப் பேசுகிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள். அப்படி இருப்பவர்களுக்குப் பசிக்காது என்று நினைத்துவிட்டேன்.

லீவில் மழை பிடித்துக்கொண்டது. உனக்குக் காய்ச்சல் என்றார்கள். மறுநாள் நான் வந்து பார்த்தபோது நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பேசவில்லை. அதற்குப் பிறகு கொழுந்து லொறியில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்காவது நாள் உன் அம்மா, எனக்குப் பெரியம்மா, மட்டும் திரும்பி வந்தாள். லயத்து வாசலில் உட்கார்ந்து அவள் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஒடம்புல தாங்குற சக்தியே இல்லையாம். என்னத்தக் குடுத்து வளத்தேன்னு கேக்குறாரு டாக்டர். என்னத்தக் குடுத்தேன்? நான் என்னத்தக் குடுத்தேன்?"

எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பாதிகள் எல்லாம் என் வயிற்றுக்குள் அசையாமல் கிடப்பது போல இருந்தது. முழுப் பணிஸும் உனக்கே போயிருந்தால் உடம்பு தாங்கியிருக்குமா? இதை நான் யாரிடம் கேட்பது? உன்னிடம்தான் கேட்க முடியும். நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாய். திட்டினால் நன்றாக இருக்கும்.

லீவு முடிந்து முதல் நாள். நம் யாழ்ப்பாணத்து டீச்சர் இடாப்பைத் திறந்து உன் பேரைக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கை உம்மட சிநேகிதி? வரேல்லையோ?"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செத்துப்போனாள் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எல்லார் முன்னாலும் நான் கீழே விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. "காய்ச்சல் டீச்சர்," என்றேன். அப்போது எனக்குப் பணிஸ் ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை.

மத்தியானம்தான் அது நடந்தது. நானா உன் பேரைக் கூப்பிட்டார்.  இரண்டாம் தரமும் கூப்பிட்டார். பைப்படியில் நின்ற என் கால் கொட்டகைக்குள் வந்திருந்தது. "இருக்கேன் நானா," என்று சத்தமாகச் சொன்னது என் வாய்தான். நீ சொல்கிற மாதிரியே சொன்னது. நானா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். மற்றப் பிள்ளைகள் கூடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பணிஸை என் கையில் வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

பைப்படிக்குப் பின்னால் போய் நூலால் அறுத்தேன். ஒரு பாதியைத் தின்றேன். மற்றதைத் தின்ன முடியவில்லை. சாயங்காலம் அதைக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"அவ பேரக் கூப்புட்டாங்களா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"கூப்புட்டாங்க."

"சத்தமாவா?"

"ரெண்டு தரம் கூப்புட்டாங்க பெரியம்மா."

பெரியம்மா அந்தப் பாதியை என் கையிலேயே திருப்பி வைத்தாள். "இனிமே முழுசாத் தின்னு. நீங்க ரெண்டு பேரும் பாதி பாதியாத் தின்னது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அவ பாவாடையத் தெச்சுத் தெச்சு எனக்குக் கையே நொந்துபோச்சு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் நான் பீலிக்கரையில் கால் கழுவும்போது பெரியம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நிற்பாள். "இன்னிக்குக் கூப்புட்டாங்களா?" என்று மட்டும் கேட்பாள். நான் ஆமாம் என்பேன். அவள் முகம் கொஞ்சம் தெளியும். வகுப்பில் டீச்சர் கிழமைக்கு ஒரு தரம் உன்னை விசாரிப்பார். இன்னும் காய்ச்சல் என்பேன். ஒரு இடாப்பில் உன் பேருக்கு நேரே எல்லா நாளும் சிவப்புப் புள்ளி. மற்ற இடாப்பில் எல்லா நாளும் சரி. உன்னை மூன்று மாதமாகக் காய்ச்சலில் படுக்கவைத்து, அதே மூன்று மாதமாக உன்னைப் பணிஸும் தின்னவைத்திருக்கிறேன். நாளைக்கு வித்தியாதரிசி இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்று எல்லாரும் போன பிறகு நானா கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"மகள், ஒங்கட கூட்டாளி மவுத்தான சங்கதி எனக்கு அண்டைக்கே தெரியும். லொறிக்காரன் சொன்னான்."

நான் நனைந்த சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நாளைக்கு நான் கூப்புடுவன். ஆள் வந்தா சரி போடுவன். வராட்டி கோடு போடுவன். நான் மொகத்தப் பாக்கிற இல்ல, பேரத்தான் பாக்கிற. வெளங்குதா?"

"ஒங்கள ஏதும் சொல்லுவாங்களா நானா?"

"சொல்லாம? பேக்கரிய மாத்தினாலும் மாத்துவாங்க." பிறகு சிரித்தார். "மாவு இருக்கிற வரைக்கும் நான் எங்க சரி சுட்டுப் பொழச்சுக்குவன். நீங்க ஒங்களப் பாருங்க."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு யோசனையும் வரவில்லை. யார் சொன்னார்களோ, லயத்துக்கு வந்தபோது பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. துவைத்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வாசலில் எனக்காக நின்றாள்.

"நாளைக்கு அரைநாள் சம்பளம், அரைப்பேரு போனாப் போகுது. நான் வர்றேன். ஒன்ன என் மகள்னு சொல்லி கைநாட்டு வச்சிடுறேன். அந்த ஐயாவுக்கு நம்ம மொகமா தெரியப்போகுது?"

"டீச்சருக்குத் தெரியும் பெரியம்மா."

"டீச்சரு பொம்பளதானே. கால்ல விழுந்து சொல்லுவேன். அவ பேர வெட்ட விடமாட்டேன். அவ பங்கு ஒனக்குத்தான் வரணும்." என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள், சொரசொரவென்று இருந்தன. "எங்க, ஒரு தரம் அவ பேரச் சொல்லிக் கூப்புடுறேன். என்னாம்மான்னு கேளு. அங்க வந்து முழிக்கக்கூடாதுல்ல."

கூப்பிட்டாள். இந்த லயத்தில் மூன்று மாதமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத உன் பேர். நான் "என்னாம்மா" என்றேன்.

பெரியம்மா இன்னொரு தரம் கூப்பிட்டாள். நான் இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் அவள் என்னைப் பார்த்துக் கூப்பிடவில்லை. என் தலைக்கு மேலால் எங்கேயோ பார்த்துக் கூப்பிட்டாள். அவள் கையிலிருந்து முகத்தை விடுவித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. இப்படியே நின்றுவிடுவேன், இனி யாரும் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுக்குள் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைகிற சத்தம் நின்றது. "இங்க வா," என்று கூப்பிட்டாள். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள்.

"அவ புள்ளயப் பறிகுடுத்தவ. அவள நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத. ஆனா அந்தக் கைநாட்டு விழக்கூடாது. விழுந்துச்சுன்னா அப்புறம் நீ யாரு? எனக்கு யாரு?"

"பணிஸ் இல்லாட்டி மத்தியானத்துல கண்ண இருட்டுதும்மா."

"என் ரொட்டில பாதி தர்றேன். துணில சுத்தி எடுத்துட்டுப் போ."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கென்னா, மலையில தேத்தண்ணி கெடைக்கும்."

பாதி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்காக அன்றைக்கு வராத அழுகை. பாதி வேண்டாம், பாதி மட்டும் வேண்டாம் என்று அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கூறுகெட்டவளே, ரொட்டிக்கா அழுவுற?" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தானும் மூக்கைச் சிந்தினாள்.

நான் என்ன செய்வேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பெரியம்மா கிளம்புவதற்கு முன்னால், இருட்டோடு எழுந்து தனியாகப் போய்விடுவேன். டீச்சர் வந்ததும் உனக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லவேண்டும். பணிஸெல்லாம் நான்தான் தின்றேன், நானா மேல் குற்றம் இல்லை என்றும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிட்டால் அப்பா என் பேரைப் பதிவார். நாளன்றைக்கே எனக்கு ஒரு கூடை கொடுப்பார்கள். அனுப்பாவிட்டாலும் அம்மா பாதி வயிற்றோடு மலையேறுவாள், நான் ஹட்டனில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடுவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடைய சாப்பாட்டின் மேலாவது கால் வைத்துத்தான் நான் நடக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் பீலிக்கரையில் பெரியம்மா வந்து நிற்பாள். கூப்பிட்டாங்களா என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

உன் பேரை வெட்டிவிடுவார்கள். நீ எனக்குக் கொடுத்த பாதிகளை மட்டும் யாராலும் வெட்ட முடியாது. அவை எந்த இடாப்பிலும் ஏறவில்லை. என் உடம்பில்தான் இருக்கின்றன. எனக்கு வயசு ஏற ஏற அவையும் கூடவே வரும்.

கம்பளிக்குள் தலையை விட்டு, முதல் நாள் டீச்சரிடம் சொல்ல முடியாமல் போன அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். முதல் இரண்டு தரமும் காற்றுதான் வந்தது. மூன்றாம் தரம் எனக்கே கேட்டது. டீச்சர் முன்னால் அதைச் சொல்லும்வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்கு வெறும் காய்ச்சல்தான். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.